நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

சிதம்பரத்தில் எம் நெருங்கிய உறவினர் இல்லம் ஒன்று உண்டு. அங்கே குளியலறையில் மாட்டியிருந்த வெந்நீர்க் கலன், அதாவது கீசர், மூன்றே ஆண்டுகளில் செயலிழந்தது. பழுது பார்க்க வந்தவர் அதன் சூடேற்றும் கம்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். அது கம்பியாகவே தோன்றவில்லை. கடற்கரையில் ஒதுங்கிய பவளக் கொம்பு போலிருந்தது. விரற்கடைக் கனத்திற்கு வெள்ளை ஓடு அதன்மீது படிந்திருந்தது. அவர் தட்டினார், ஓடு உடைந்தது, உள்ளே கம்பியும் வெடித்திருந்தது. "தண்ணி சரியில்லைங்க" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புதிய கம்பிக்கு விலை கூறினார்.

வீட்டில் மூத்தவர்களான மாமி அருகில் நின்றிருந்தார்கள். எண்பது வயதைக் கடந்தவர்கள். "எங்க வீட்டு வெந்நீர்த் தவலை முப்பது வருஷம் இருந்துச்சு தம்பி. ஆனா நாங்க அதுல ஊத்துனது இந்தத் தண்ணி இல்லை" என்றார்கள்.

இச்சொல்லை நாம் எளிதில் மறக்க முடியவில்லை. அப்படியாயின் அந்தத் தண்ணீர் எது? எப்போது மாறியது? ஏன் மாறியது? ஒரு தவலைக்குள் ஊற்றப்பட்ட நீரின் பூர்வீகத்தைத் தேடப் புகுந்தால், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளும் கரையோர நிலத்தின் வரலாறே நம்முன் விரிகின்றது.

முதற்கண் அந்த வெள்ளை ஓடு யாதெனக் காண்போம். வானிலிருந்து இறங்கும் மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிதே புளிப்பேறுகின்றது. அப்புளிப்பு வழியிலுள்ள சுண்ணாம்புப் பொருள்களைக் கரைத்து உடன்கொண்டு செல்கின்றது. இவ்வாறு கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். இக்கடினம் இருவகைத்து. பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது ஒன்று. கொதிக்க வைத்தால் வாயு பறந்துபோகும், சுண்ணாம்பு பாத்திரத்தில் தங்கும். பள்ளிப் பாடநூல்கள் இதனைத் தற்காலிகக் கடினம் என்றன. குளோரைடாகவும் சல்பேட்டாகவும் கலந்திருப்பது மற்றொன்று. எவ்வளவு கொதித்தாலும் அது நீரை விட்டு நீங்காது. சவர்க்காரத்திற்கு இரண்டுமே பகை. வெந்நீர்க் கலனுக்கு முதலாவதே பெரும்பகை.

சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்பினுடைய திறனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எனவே கம்பியின் சூடு நீரைச் சென்றடையாமல் கம்பிக்குள்ளேயே அடைபடுகின்றது. கம்பி தன் சூட்டிலேயே வெந்து வெடிக்கின்றது. விறகடுப்பின்மேல் அமர்ந்த தவலைக்கு இவ்விடர் இல்லை. படிவு ஏறினால் விறகு சிறிது கூடுதலாகச் செலவாகும். புளியும் மணலும் இட்டுத் தேய்த்தால் போகுமளவு போகும். ஆகவே மாமி சொன்னதில் ஒரு பாதி தவலையின் பெருமை என்றே கொள்ள வேண்டும். மறுபாதிதான் தண்ணீரின் கதை.

கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தபோதும் அப்படியே. இரண்டுக்கும் கிழக்கே ஒரே கடல். ஆயினும் இரண்டின் அடிநிலமும் ஒன்றன்று. கடலூருக்கு மேற்கே கேப்பர் மலை எனப்படும் செம்மேட்டு நிலத்தைப் பார்த்தவர்கள் அங்குள்ள சிவந்த மணற்பாறையை அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டின் நில அமைப்பை ஆராய்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேய நிலவியலறிஞர் இப்பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்தார். தமிழகத்தின் பிற பகுதிகளில் இதே பாறை காணப்படும் இடங்களிலும் அறிஞர்கள் நம் கடலூரின் பெயராலேயே அதனைக் குறிக்கின்றனர். இம்மணற்கல்லில் சுண்ணாம்பு குறைவு. ஆகவே அதனுள் ஊறிவந்த நீர் பொதுவாக மென்மையானது. மென்மைக்கும் ஒரு குற்றம் உண்டு: சுண்ணாம்பு குறைந்த புளிப்பு நீர் இரும்புக் குழாயை அரிக்கும். படிவு கட்டும் நீர் குழாயை அடைக்கிறது. படிவு கட்டாத நீர் குழாயைத் தின்கிறது. இல்லத்தரசிகள் எதைத்தான் விரும்புவார்கள்!

கடலூரிலும் எல்லாத் தெருவிற்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. உப்பனாற்றங்கரையில் கிணறு வெட்டினால் என்ன ஊறும் என்பதை அவ்வாற்றின் பெயரே சொல்லிவிடும்.

சிதம்பரம் பக்கம் செல்லச் செல்ல அதே மணற்கல் கீழே ஆழத்தில் மறைந்துவிடுகின்றது. மேலே இருப்பது கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளைச் சுற்றிப் பார்த்தவர்கள், அங்கே நிலம் எது, கடல் எது என்று பிரித்துச் சொல்ல இயலாமல் நின்றிருப்பார்கள். அத்தகைய நிலத்தின் களிமண் அடுக்குகளில் பழைய கடலின் உப்பு இன்னும் தங்கியிருக்கின்றது. பரங்கிப்பேட்டை போன்ற கரையோர ஊர்களில் மணல் மேடுகளில் சில அடி ஆழத்தில் இனிய ஊற்றுநீர் கிடைப்பதுண்டு. அது மழைநீர், உப்புநீரின் மேல் பாலாடை போல மிதப்பது. பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினால் ஆடை கிழிந்து உப்பு மேலே வரும்.

இதையெல்லாம் நிலவியல் நூல் படித்துத்தான் நம் முன்னோர் அறிந்தார்கள் என்பதில்லை. அவர்கள் நீரை நாவால் பிரித்தார்கள். நல்ல தண்ணீர் என்றும் உப்புத் தண்ணீர் என்றும் வீட்டில் இரண்டு கணக்கு இருந்தது. குடிக்கவும் சோறாக்கவும் குளத்திலிருந்தோ ஊற்றிலிருந்தோ குடத்தில் சுமந்துவந்த நல்ல தண்ணீர். பாத்திரம் கழுவவும் முற்றம் தெளிக்கவும் வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் குடத்தில் தவறிக் கையை விட்ட பிள்ளைக்குக் கிடைத்த அடியை நம்மில் பலர் வாங்கியிருப்போம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாவிற்கு எந்தக் குளத்து நீர் என்பதில் சமையற்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது. அதிலுள்ள கால்சியம் பருப்பின் திசுக்களைப் பிணைத்து இறுக்கிவிடுகின்றது. ரசாயனம் அறியாத அவர்களுக்கு அரிசி குழைந்தும் பருப்பு நறுக்கென்று நின்ற கஞ்சியே போதிய சான்றாக இருந்தது.

துணி வெளுப்பதில் அவர்கள் கண்ட வழி இன்னும் வியப்பிற்குரியது. உவர்மண் என்று ஒரு வெள்ளை மண். வெயில் காலத்தில் தரையில் பூத்து நிற்கும். வண்ணார்கள் அதனை வாரிவந்து துணியை அதில் ஊறவைத்து வெள்ளாவியில் ஏற்றினார்கள். அம்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அது நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். எஞ்சிய நீர் மென்மையாகும். இன்று விலை கொடுத்து வாங்கும் சலவைத் தூளில் சேர்க்கப்படும் பொருள்களுள் இதே சோடாவும் ஒன்று. சவர்க்காரம் என்று நாம் வழங்கும் சொல்லிலேயே சவரும் காரமும் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தலைக்குச் சீயக்காய் தேய்த்ததும் இவ்வகையில் பொருத்தமே. சவர்க்காரம் கடின நீரில் நுரைக்காமல் தயிர்போலத் திரியும். சீயக்காயின் நுரைக்கு அக்குறை இல்லை.

இப்பகுதியின் நல்ல தண்ணீருக்குப் பெரும் கொடையாளி காவிரி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வீரநாராயணன் என்னும் அவன் விருதுப் பெயரால் எழுந்த ஏரியே இன்று வீராணம் எனப்படுகின்றது. இளவரசன் இராசாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்பது மரபு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இக்கரையில்தான் தொடங்குகின்றது என்பதை அக்கதையைப் படித்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார். அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகின்றது. ஏரிக்கரையில் மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியால் பெயர் பெற்ற லால்பேட்டை இருக்கின்றது. அவ்வூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் பெயர் பெற்றவையே. சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்குள் கான்சாகிப் பெயர் பூண்ட வாய்க்கால் ஓடுகின்றது. வக்காரமாரியின் குளங்களில் தேக்கிய நீர் சிதம்பரம் நகரத்தின் குழாய்களுக்குச் சென்றிருக்கின்றது. மலையில் பெய்த மழை ஆறாக ஓடி ஏரியில் தங்கி வரும் இந்நீர், இங்குள்ள உவர் நிலத்துக் கிணற்றுநீரை நோக்க மென்மையானது. மாமியின் தவலைக்குள் போனது இவ்வினத்து நீர்தான்.

தென்னார்க்காட்டில் கடின நீரோடு முதலில் போராடியவர்கள் வீட்டுப் பெண்கள் அல்லர். நீராவிக் கொதிகலன் வைத்திருந்தவர்கள். 1842இல் பாரி நிறுவனத்தார் கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நிறுவினர். 1870களில் கடலூரையும் சிதம்பரத்தையும் தொட்டுக்கொண்டு தஞ்சைப் பக்கம் இருப்புப்பாதை சென்றது. கொதிகலனுக்குள் படிவு ஏறினால் எரிபொருள் வீணாகும். தகடு வெந்து வெடிக்கவும் கூடும். ஆகவே ரயில் இஞ்சின்களின் வயிற்றை அவ்வப்போது கழுவிச் சுரண்டுவதற்கென்றே தொழிலாளர் இருந்தனர். ஆலை முதலாளிகளின் இத்தலைவலியே நீரின் கடினத்தை அளக்கும் கலைக்கு ஊக்கம் தந்தது எனலாம். 1841இல் ஸ்காட்லாந்து நாட்டு அபெர்டீன் நகரத்து வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் ஒரு முறையைப் பதிவு செய்தார். தற்காலிகக் கடினமுள்ள நீரில் அளவறிந்து சுண்ணாம்பு சேர்த்தால், ஏற்கெனவே கரைந்திருந்த சுண்ணாம்பும் சேர்ந்து அடியில் படிந்துவிடும் என்பது அவர் முறை. சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பு! வெற்றிலை போடும் நம் மாமிமார்களின் சுண்ணாம்புச் சிமிழில் இப்படியொரு மருந்து இருந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கடினத்தை அறிய அவர் கண்ட சோதனையும் எளியதே: சவர்க்காரக் கரைசலை நீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிலைத்த நுரை எத்தனை சொட்டில் எழுகின்றது எனப் பார்ப்பது.

ஆற்றையும் குளத்தையும் விட்டு நாம் ஆழ்குழாய்க்கு மாறியது ஏன்? நன்மை கருதியே மாறினோம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை ஒரு குளத்து நீரில் கண்டு காட்டினார். குளத்து நீர் சவர்க்காரத்திற்கு இனியது. உயிருக்குக் கொடியதாகவும் இருந்தது. 1970களில் வந்த இந்தியா மார்க் 2 கைப்பம்புகள் ஊர் ஊராகக் கிருமி குறைந்த நீரைத் தந்தன. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. அப்போதுதான் அந்தப் பழைய இரட்டைக் கணக்கு மறைந்தது. மாடித் தொட்டி ஒன்று. அதில் ஏறும் நீர் ஒன்று. குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதில்தான். பள்ளிவாசல்களிலும் ஹவ்ளின் பக்கத்தில் வரிசையாகக் குழாய்கள் வந்தன. அக்குழாய்களின் வாயில் வெள்ளைப் பூச்சுக் கட்டி நீர் நூலாக ஒழுகுவதை ஒளூச் செய்வோர் பல ஊர்களில் பார்க்கலாம்.

கடலோரத்தில் ஆழ்குழாயின் கணக்கு வேறு. டச்சுக்காரரான கைபென், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி ஒன்று உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். ஓரடியை நாம் இறைத்துவிட்டால் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏற இடம் கொடுத்தவர்களாவோம். கடல்நீரில் மக்னீசியம் மிகுதி. லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கடினம் அதில் இருக்கின்றது. நூறு குடம் கிணற்று நீரில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 2012இல் வகுத்த ஏற்புடைய அளவு 200. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. ஐந்து குடத்தின் வேலை இவ்வளவு! 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையை ஏறி மிதித்தபோது, உயிர்களை வாரிச் சென்றதோடு கரையோரக் கிணறுகளில் கடலையே ஊற்றிச் சென்றது.

இதனோடு நெய்வேலியின் கதையையும் சொல்லாமலிருக்க முடியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. கரியின் அடியில் மணற்கல்லில் அடைபட்ட ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துவதால், அதனை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். 1960களின் தொடக்கத்திலிருந்து அவ்வாறே இறைக்கப்படுகின்றது. அம்மென்னீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று வயலை நனைக்கின்றது. சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று மட்டம் தாழ்ந்ததென்ற முறையீடும் தொடர்கின்றது. மின்விளக்கு எரிவதற்கு இது விலையென்றால், அவ்விலையை விளக்கின் கீழ் இருப்பவர் எல்லாரும் கொடுக்கவில்லை என்பதே நமக்குள்ள குறை.

வீராணமும் ஊர் நீராக மட்டும் நிற்கவில்லை. சென்னைக்கு அதன் நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் 1960களின் இறுதியில் எழுந்து நடுவில் நின்றது. ஆள் நுழையும் பெருங்குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன; வீடற்ற குடும்பங்கள் அவற்றுள் குடியிருந்தன. பின்னர்ப் புதிய வீராணம் திட்டமாகி, 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்னும் கணக்கில் நீர் 230 கிலோமீட்டர் பயணம் செய்து தலைநகரை அடைந்தது. தாகத்திற்குத் தண்ணீர் கொடுப்பதை நாம் குறைகூறோம். ஏரிக்கு அருகிலுள்ள ஊரார் உவர்க் குழாயில் கீசரை மாற்றிக்கொண்டிருக்க, மென்னீர் அவர்களைக் கடந்து செல்வதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

இப்போது நம் இல்லங்களுக்குள் வருவோம். கடின நீருக்கு அஞ்சி ஆர்.ஓ. கருவி மாட்டாத வீடு அரிதாகிவிட்டது. சாதாரண வீட்டுக் கருவி ஒரு குடம் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக விடுகின்றது. அக்கழிவில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இக்கருவியைத் தடை செய்ய வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது. கருவி விற்க வருவோர் கையில் ஓர் அளவுகோலோடு வந்து எண்ணைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள். அக்கோல் காட்டுவது மொத்த உப்பையே. கடினத்தைத் தனியே அது காட்டாது. கடின நீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்பதும் அவர்கள் சரக்கில் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்திற்கு உடல்நலம் பற்றிய வரம்பு எதையும் விதிக்கவில்லை. தேவையான கால்சியத்தில் ஒரு பகுதியை நீரே தருகின்றது. கல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொற்படி நடப்பதே முறை. மற்றவர்களுக்குக் கடினம் பெரும்பாலும் கீசரின் நோய்; சலவை இயந்திரத்தின் நோய்; தேநீரின் மேல் படரும் ஆடையின் காரணம்.

கீசரின் சூட்டை 60 பாகைக்குக் கீழே வைத்தால் படிவு மெதுவாகவே ஏறும். கெட்டிலில் கட்டிய வெள்ளையை எலுமிச்சைச் சாறு கரைத்துவிடும். எல்லாவற்றிலும் மலிவானது கூரைமேல் விழுவது. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியபோது வீடுதோறும் குழாய் இறக்கினோம். எத்தனை வீடுகளில் அக்குழாயின் கீழ்முனை இன்று எங்கே போகின்றது என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

கீசர் பழுதான மறுநாள் நாமும் கிளார்க் பேராசிரியரின் சோதனையைச் சிறிது செய்து பார்த்தோம். ஒரே அளவான மூன்று கண்ணாடிப் புட்டிகள்: ஒன்றில் வீட்டு ஆழ்குழாய் நீர், ஒன்றில் நகராட்சிக் குழாய் நீர், ஒன்றில் முந்திய இரவு மழையில் மாமி முற்றத்தில் வைத்த குவளையின் நீர். துணிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினோம். மழைநீர் இரண்டு சொட்டிலேயே புட்டியின் கழுத்துவரை நுரைத்தது. நகராட்சி நீர் சிறிது தயங்கி நுரைத்தது. ஆழ்குழாய் நீரில் சொட்டு ஏற ஏறத் தயிர்த்திரியே மிதந்தது, எண்ணுவதை விட்டுவிட்டோம்.

மாமி மூன்று புட்டிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு மழைநீர்ப் புட்டியைத் தனியே எடுத்து, "இதைக் கொட்டிட்டீங்களே தம்பி, டீ போட்டிருக்கலாம்" என்றார்கள்.